எலும்பு முந்தியது, தாடை பிந்தியது: முள்ளந்தண்டுளிகளின் ஆதிக் கிளைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள உடுவிலில் கிணறு வெட்டுவோர், தோட்டச் செம்மண்ணின் மெல்லிய படையைக் கடந்த சிறிது ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல்லைச் சந்திக்கின்றனர். கீரிமலைக் கேணிக்கும் நிலாவரைக் கிணற்றுக்கும் நீரை வழங்குவதும், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு மூலப்பொருளாக இருந்ததும் இக்கல்லே. கடலடியில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளும் முருகைகளும் சிப்பிகளும் படிந்து இறுகியதால் உருவான இப்பாறை, ஏறக்குறைய 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த மயோசின் காலத்துக்குரியது. ஈ. ஜே. வேலண்டும் ஏ. மொர்லி டேவிஸும் 1923 இல் இலங்கையின் மயோசின் படிவுகளைப் பற்றி லண்டன் புவியியற் கழகத்தின் ஏட்டில் எழுதிய கட்டுரை, இப்பாறையின் வயதை அதிலுள்ள உயிர்ச்சுவடுகளைக் கொண்டு ஆராய்ந்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்றாகும்.

மனித வாழ்நாளோடு ஒப்பிட்டால் இரண்டு கோடி ஆண்டுகள் எண்ணிப்பார்க்க முடியாத நீளமுடையவை. ஆனால் முதுகெலும்புடைய விலங்குகளின் வரலாற்றில் அவை மிக அண்மைக்காலம். உடுவிலின் கல் கடலடிச் சேறாகப் படிந்துகொண்டிருந்தபோது, சுறாவும் திருக்கையும் பாரையும் ஆமையும் கடற்பசுவும் பெரும்பாலும் இன்றைய தோற்றத்துடனேயே கடல்களில் நீந்தின. முதுகெலும்பு முதலில் எவ்வாறு தோன்றியது, எலும்பும் தாடையும் கால்களும் எந்த வரிசையில் வந்தன என்ற வினாக்களுக்கு விடை தேட அதைவிட இருபது மடங்குக்கும் மேல் பழைய பாறைகள் வேண்டும்.

அத்தகைய பாறைகள் இலங்கையில் இல்லாமைக்குத் தெளிவான காரணம் உண்டு. தீவின் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உருமாறிய பளிங்குருப் பாறைகளாலானது. அவை ஏறக்குறைய 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலவோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு மீளப் பளிங்காகியவை. அந்த நிலையில் எந்த உயிரின் சுவடும் எஞ்சியிருக்க முடியாது. அப்பாறைகளின் மேல் பழைய படிவுகளாகப் புத்தளம் பக்கத்துத் தப்போவையிலும் ஆண்டிகமவிலும் தாவரச் சுவடுகளைக் கொண்ட ஜுராசிக் காலப் பாறைகள் சிறு திட்டுகளாக எஞ்சியுள்ளன. அதன்பின் வடக்கிலும் வடமேற்கிலும் மயோசின் சுண்ணாம்புக்கல் வருகிறது. முள்ளந்தண்டுளிகளின் ஆதிக் கிளைகள் பிரிந்த 52 கோடி முதல் 36 கோடி ஆண்டு வரையான காலம் தீவின் பாறைகளில் பதிவாகவில்லை. ஆயினும் முள்ளந்தண்டுளிகளின் தொன்மையான வரலாற்றை ஆராய்ந்த இரு முக்கிய அறிஞர்கள் இலங்கையில் பணியாற்றியவர்கள்: ஒருவர் கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த ஆர்தர் விலி, மற்றவர் இலங்கை அரசின் கனிப்பொருளியலாளராக இருந்த டி. என். வாடியா. இந்த அத்தியாயத்தின் தொடக்கமும் முடிவும் அவ்விருவரின் ஆய்வுகளோடு பின்னியவை.

உறவை அளக்கும் முறை

இரு விலங்குகள் உறவினர் என்று உயிரியலாளர் கூறும்போது, அவை அண்மையான ஒரு பொது மூதாதையிலிருந்து வந்தவை என்பதே பொருள். ஒப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஜேர்மன் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950 இல் வெளியிட்ட நூலில் நிறுவிய நெறியின்படி, எல்லோருக்கும் பொதுவாக இருந்த பழைய இயல்பு உறவின் நெருக்கத்தைக் காட்டாது. ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி அதன் வழித்தோன்றல்களால் மட்டும் பகிரப்படும் இயல்பே நெருக்கத்தைக் காட்டும். சுறாவுக்கும் பாரைக்கும் செட்டை இருப்பதால் அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை என்றாகிவிடாது. பாரைக்கும் மனிதருக்கும் பொதுவான எலும்புகளும் நுரையீரலின் வழிவந்த காற்றுப்பையும், பாரை சுறாவைவிட மனிதருக்கே நெருங்கிய உறவு என்பதை உணர்த்துகின்றன.

இன்று வாழும் விலங்குகள் உறவு மரத்தின் நுனிக்கிளைகள் மட்டுமே. ஒரு கூட்டத்தில் வாழும் இனங்கள் யாவற்றுக்கும் பொதுவான கடைசி மூதாதையையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தையும் அக்கூட்டத்தின் முடிக்கிளை என்றும், அந்த மூதாதைக்கு முன்பே பிரிந்து அழிந்துபோன உறவினர்களை அடித்தண்டு என்றும் அறிவியலாளர் வழங்குவர். வாழும் இனங்களை மட்டும் ஒப்பிடுபவருக்குச் சுறாவுக்கும் தாடையற்ற மீனாகிய இலாம்பிரிக்கும் இடையே பெரியதோர் இடைவெளி தெரியும். ஒன்றுக்குத் தாடை, இணைச்செட்டை, பல் ஆகிய யாவும் உண்டு, மற்றதற்கு அவற்றில் ஒன்றும் இல்லை. அந்த இயல்புகள் ஒரே காலத்தில் வந்தனவா, ஒன்றன்பின் ஒன்றாக வந்தனவா என்பதை அடித்தண்டின் உயிர்ச்சுவடுகள் மட்டுமே சொல்ல முடியும். மரபணுக்களின் ஒப்பீடு கிளைகள் பிரிந்த ஒழுங்கைக் காட்டும். ஆனால் பிரிந்த இடத்தில் நின்ற விலங்கின் உடலமைப்பை அதனால் காட்ட முடியாது.

ஆர்தர் விலியும் மணலில் வாழும் சிற்றுயிரும்

1902 முதல் 1910 வரை கொழும்பு அருங்காட்சியகத்தை நடத்தி, 'ஸ்போலியா சிலானிக்கா' என்ற அறிவியல் ஏட்டைத் தொடங்கிய ஆர்தர் விலி, இலங்கைக்கு வருமுன்பே அம்பியொக்சஸ் என்ற உயிரையும் முள்ளந்தண்டுளிகளின் மூதாதையரையும் பற்றி 1894 இல் வெளிவந்த ஒரு நூலினால் பெயர்பெற்றிருந்தார். அம்பியொக்சஸ் என்பது கடலோர மணலில் புதைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, நீரை வடித்து உண்ணும் சில சென்ரிமீற்றர் நீளமான உயிரினம். மன்னார் வளைகுடாவின் மணலிலும் அதன் இனங்கள் வாழ்கின்றன. அதற்கு எலும்பு, மண்டையோடு, தாடை, இணைச்செட்டை எவையும் கிடையா. எனினும் முதுகின் நீளத்துக்கு ஓடும் வளையக்கூடிய தண்டாகிய முதுகுநாணும், அதன் மேலே குழாய் வடிவான நரம்பும், தொண்டையின் பக்கங்களில் பூப்பிளவுகளும் (செவுட்பிளவுகளும்), வாற்புறத்தை அசைக்கும் தசைக்கட்டுகளின் வரிசையும் அதற்கு உண்டு. இந்த நான்கும் மனிதக் கருவிலும் ஒரு கட்டத்தில் தோன்றுகின்றன.

உருசிய உயிரியலாளர் அலெக்சாந்தர் கோவலெவ்ஸ்கி 1860களில் அம்பியொக்சஸின் வளர்ச்சியையும், பாறைகளில் ஒட்டி வாழும் கடற்பீச்சிகளின் குடம்பியையும் ஆராய்ந்து, இரண்டும் முள்ளந்தண்டுளிகளின் உறவினர் என்று காட்டியிருந்தார். விலியின் நூல் அந்த ஆய்வை முன்னெடுத்துச் சென்றது. நெடுங்காலமாக அம்பியொக்சஸே முள்ளந்தண்டுளிகளுக்கு மிக அண்மையானது என்று கருதப்பட்டது. 2006 இல் வெளியான பல மரபணுக்களின் ஒப்பீடு அந்த இடம் கடற்பீச்சிகளுக்கு உரியது என்று முடிவுசெய்தது. கடற்பீச்சி தன் முதிர்ந்த பருவத்தில் முதுகுநாணையும் வாலையும் இழந்து பை போன்ற உடலாகிவிடுவதால், தோற்றத்தில் விலகி நிற்கும் உயிரே உறவில் நெருங்கியதாக இருக்கலாம் என்ற பாடம் முதற் கிளையிலேயே கிடைக்கிறது. கூர்ப்பில் இழப்பும் ஒரு பெரும் பங்கு வகிக்கிறது என்பதை அடுத்து வரும் கிளைகளும் மீண்டும் மீண்டும் நிறுவுகின்றன.

மென்மையான உடலின் சுவடுகள்

எலும்பில்லாத உடல் பாறையில் எஞ்சுவது அரிது. நுண்ணிய சேற்றில் விரைவாகப் புதையுண்டு ஒட்சிசன் எட்டாத இடத்தில் கிடந்த உடல்களே அவ்வாறு எஞ்சுகின்றன. சீனாவின் யுனான் மாகாணத்துச் செங்ஜியாங் படிவுகள் அத்தகையவை. அங்கே ஏறக்குறைய 51.8 கோடி ஆண்டு பழைய கேம்பிரியன் காலப் பாறையில் கண்டெடுக்கப்பட்ட மில்லொகுன்மிங்கியா, ஹைக்கோவிக்தீஸ் என்ற இரு உயிரினங்கள் 1999 இல் விவரிக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் நீளமான அவற்றின் உடலில் வளைந்து மடிந்த தசைக்கட்டுகளும் பூப்பைகளும் முதுகுச் செட்டையும் தெரிகின்றன. 2003 இல் விவரிக்கப்பட்ட மேலும் பல மாதிரிகளில் கண்களும், முதுகுநாணை ஒட்டிய முள்ளெலும்பின் தொடக்கக் கூறுகளும் இனங்காணப்பட்டன. கனடாவின் பேர்ஜஸ் மாக்கல்லிலிருந்து 2014 இல் விரிவாக விவரிக்கப்பட்ட மெற்றாஸ்பிரிக்கினா, தொண்டையின் இரு பக்கமும் சோடியான பூவில்களை, அதாவது பூக்களைத் தாங்கும் வளைந்த தண்டுகளை, கொண்டிருந்தது. இவற்றில் எதற்கும் எலும்போ பல்லோ தாடையோ இல்லை. எனவே தலை, கண், பூவில் ஆகியவை எலும்புக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன.

இத்தகைய சுவடுகளை வாசிப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2010 இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. அவர்கள் அம்பியொக்சஸையும் இலாம்பிரியின் குடம்பியையும் அழுகவிட்டு நாள்தோறும் கவனித்தபோது, கூர்ப்பில் பின்னர் தோன்றிய நுண்ணிய இயல்புகள் முதலில் அழிந்தன. பழைய, பொதுவான இயல்புகளான முதுகுநாணும் தசைக்கட்டும் கடைசிவரை நின்றன. ஆகவே அரைகுறையாக அழுகிய உடல் பாறையில் பதிந்தால், அது உண்மையில் இருந்ததைவிடத் தொன்மையான உயிர் போலத் தோன்றும். சுவடில் ஒரு உறுப்பு இல்லை என்றால் அந்த விலங்குக்கே அது இருக்கவில்லை என்று விரைந்து முடிவுகட்டுவது தவறு.

கொனொடொன்டுகள்: காஷ்மீரின் சாட்சியம்

1856 இல் கிறிஸ்தியான் பாண்டர் பால்டிக் பகுதிப் பாறைகளிலிருந்து பல் போன்ற நுண்ணிய துணுக்குகளை விவரித்தார். பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் அளவிலான அவை கொனொடொன்டு எனப் பெயர் பெற்றன. எலும்பையும் பல்லையும் போலவே கல்சியம் பொசுபேற்றால் ஆன அத்துணுக்குகள் கேம்பிரியன் முதல் திரியாசிக் காலம் முடியும்வரை உலகெங்கும் கடற்பாறைகளில் ஏராளமாகக் கிடைத்தன. ஆயினும் அவை எந்த உயிருக்குரியவை என்பது 125 ஆண்டுகளுக்கு மேல் விளங்கவில்லை. எடின்பரோவுக்கு அருகிலுள்ள கிரான்டன் கடற்கரையில் முன்னரே சேகரிக்கப்பட்டுக் களஞ்சியத்தில் கிடந்த ஒரு கல்லில், முழு உடலோடு கூடிய கொனொடொன்டு விலங்கு கண்டறியப்பட்டு 1983 இல் வெளியிடப்பட்டது. ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர் நீளமுடைய அவ்வுடலில் முதுகுநாணும் தசைக்கட்டும் வாற்செட்டையும் இருந்தன; பின்னர் கிடைத்த மாதிரிகள் பெரிய கண்களையும் காட்டின. ஆகவே கொனொடொன்டுகள் தாடையில்லாத ஆதி முள்ளந்தண்டுளிகள் என்று பெரும்பாலோர் ஏற்றனர்.

தெற்காசியாவில் ஆதி முள்ளந்தண்டுளிகளின் சுவடுகள் மிகுதியாகக் கிடைப்பது இவ்வடிவிலேயே ஆகும். சிறிநகருக்கு அருகிலுள்ள குரியுல் பள்ளத்தாக்கின் படிவுகளில், பேர்மியன் காலம் முடிந்து திரியாசிக் காலம் தொடங்கும் எல்லை தொடர்ச்சியாகப் பதிவாகியுள்ளது. ஏறக்குறைய 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இனங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்த அப்பேரழிவின் எல்லையை, ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கொனொடொன்டு முதலில் தோன்றும் படையைக் கொண்டு புவியியலாளர் குறிக்கின்றனர். இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கும் இதே நோக்கில் பலமுறை ஆராயப்பட்டது.

கொனொடொன்டுத் துணுக்குகளே முள்ளந்தண்டுளிகளின் முதற் பற்கள் என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றின் தொன்மையான இனங்களைச் சிங்க்ரோட்ரோன் எக்ஸ் கதிரால் ஊடுருவிப் பார்த்து, பல்லின் மேற்பூச்சு போன்ற அந்தப் படை கொனொடொன்டுகளுக்குள்ளேயே தனியாகத் தோன்றியது என்று காட்டியது. பல்லைப் போன்ற ஒன்று பல்லின் மூதாதையாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

கவசமணிந்த தாடையிலிகள்

எலும்பு முதலில் தோன்றியது உடலின் உள்ளே அன்று, தோலில்தான். ஓர்டோவிசியன் காலத்தைச் சேர்ந்த, 45 முதல் 47 கோடி ஆண்டு வரை பழைய மணற்கற்களில், தலையையும் முன்னுடலையும் எலும்புத் தகடுகளால் மூடிய மீன்கள் கிடைத்துள்ளன. அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் கண்டெடுக்கப்பட்டு 1977 இல் விவரிக்கப்பட்ட அரண்டாஸ்பிஸும், பொலிவியாவிலிருந்து 1986 இல் விவரிக்கப்பட்ட சக்கபம்பாஸ்பிஸும் இவ்வகையின. அக்காலத்தில் அவுஸ்திரேலியா, தென்னமெரிக்கா, இந்தியா, இலங்கை யாவும் கொண்ட்வானா என்ற பெருங்கண்டத்தின் பகுதிகள். இம்மீன்கள் அதன் ஆழமற்ற கரையோரக் கடல்களில் வாழ்ந்தவை. அவற்றுக்குத் தாடையும் இல்லை, இணைச்செட்டையும் இல்லை.

சிலூரியன், டெவோனியன் காலங்களில் இத்தகைய கவசத் தாடையிலிகள் பல கிளைகளாகப் பெருகின. சுவிற்சர்லாந்தில் பிறந்த லூயி அகாசி 1830களில் ஸ்கொட்லாந்தின் பழைய செந்நிற மணற்கல்லிலிருந்து அவற்றுள் ஒன்றாகிய செபலாஸ்பிஸை விவரித்தார். சுவீடனின் எரிக் ஸ்டென்சியோ, ஸ்பிட்ஸ்பேர்கன் தீவிலிருந்து கிடைத்த அவ்வகை மண்டையோடுகளை மெல்லிய படை படையாகத் தேய்த்து, ஒவ்வொரு படையையும் வரைந்து, மூளையும் நரம்புகளும் குருதிக்குழாய்களும் சென்ற வழிகளை மீள உருவாக்கி 1927 இல் வெளியிட்டார். உயிர்ச்சுவடின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்த அறிவியல், அன்றுமுதல் அதன் உள்ளுறுப்புகளையும் படிக்கத் தொடங்கியது. அம்முறையில் மாதிரி அழிந்துவிடும்; இன்றைய எக்ஸ் கதிர் ஊடுபடம் அதே பயனை மாதிரியைச் சிதைக்காமல் தருகிறது.

ஸ்டென்சியோ இம்மீன்களை இலாம்பிரியின் உறவினராகக் கருதினார். பின்வந்த ஆய்வுகள் அந்த முடிவை மாற்றின. செபலாஸ்பிஸ் வகையினருக்கு மார்புப்புறத்தில் ஒரு சோடி இணைச்செட்டையும், உயிர்க்கலங்களைத் தன்னகத்தே கொண்ட எலும்பும் இருந்தன. இவை இலாம்பிரிக்கு இல்லை, தாடையுடையவற்றுக்கு உண்டு. எனவே தாடையற்ற செபலாஸ்பிஸ், தாடையற்ற இலாம்பிரியைவிடச் சுறாவுக்கும் பாரைக்கும் மனிதருக்கும் நெருங்கிய உறவு. சீனத்தின் சிலூரியன் காலச் சூயு என்ற மற்றொரு கவச மீனின் மண்டையோட்டை ஊடுருவிப் பார்த்த காய் சிகூன் குழுவினர், அதன் இரு மூக்குப் பைகளும் தனித்தனியாக விலகி அமைந்திருந்ததை 2011 இல் காட்டினர். இலாம்பிரியில் ஒற்றை மூக்குத்துளை நடுவே அமைந்து, தாடை முன்னோக்கி வளர இடந்தராது நிற்கிறது. சூயுவில் அந்தத் தடை நீங்கியிருந்தது. ஆனால் தாடை இன்னும் வரவில்லை.

இன்று வாழும் தாடையிலிகள் இரண்டே: இலாம்பிரியும், ஆழ்கடற் பிணங்களை உண்ணும் ஹாக் மீனும். இவ்விரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்பதை நுண் ஆர்.என்.ஏ. ஒப்பீடுகள் 2010 இல் வலுவாக ஆதரித்தன. தென்னாபிரிக்காவில் கிடைத்து 2006 இல் விவரிக்கப்பட்ட 36 கோடி ஆண்டு பழைய பிரிஸ்கோமைசோன், இலாம்பிரியின் உறிஞ்சும் வாயமைப்பு அக்காலத்திலேயே முழுமை பெற்றுவிட்டதை உணர்த்துகிறது. கவசமணிந்த பெருங்கூட்டம் டெவோனியன் முடிவுக்குள் அற்றுப்போக, எலும்பில்லாத ஒரு சிறு கிளை மட்டும் இன்றுவரை நிலைத்தது. அந்த ஒன்றை மட்டும் பார்த்து, தாடையில்லாதவை யாவும் எலும்பில்லாதவை என்று எண்ணியிருந்தால் வரலாறு தலைகீழாகியிருக்கும்.

தாடையின் பிறப்பு

டெவோனியன் கடல்களில் ஆட்சி செலுத்தியவை பிளக்கோடேர்ம் எனப்படும் தகட்டுத்தோல் மீன்கள். தலையும் மார்பும் எலும்புத் தகடுகளால் மூடப்பட்ட இவற்றுக்குத் தாடை உண்டு. பல மீற்றர் நீளமான டங்கிலியோஸ்தியஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. மேற்கு அவுஸ்திரேலியாவின் கோகோ படிவிலிருந்து 2008 இல் விவரிக்கப்பட்ட, ஏறக்குறைய 38 கோடி ஆண்டு பழைய மற்றர்பிசிஸ் என்ற மீனின் வயிற்றுக்குள் கருவும் கொப்பூழ்க்கொடியும் சுவடாக இருந்தன. குட்டியீனும் வழக்கத்துக்கு அறியப்பட்ட மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

பிளக்கோடேர்ம்களின் தாடையோரம் பெரும்பாலும் எளிய தகடுகளாக இருந்ததால், அவை பக்கக்கிளை ஒன்றாக அழிந்தன என்றும், பாரையும் மனிதரும் கொண்டுள்ள மேற்றாடை, கீழ்த்தாடை எலும்புகள் பின்னர் புதிதாகத் தோன்றியவை என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. 2013 இல் சூ மின் தலைமையிலான குழு யுனானின் சிலூரியன் பாறையிலிருந்து விவரித்த என்டெலொக்னாதஸ் அக்கருத்தை வீழ்த்தியது. 42 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய அம்மீனின் உடற்கவசம் முற்றிலும் பிளக்கோடேர்மினுடையது. அதன் தாடையோ எலும்பு மீனின் மேற்றாடை எலும்பையும் பல்தாங்கும் கீழ்த்தாடை எலும்பையும் கொண்டிருந்தது. 2016 இல் வந்த சிலின்யு இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டதாக அமைந்தது. மனிதரின் கன்னத்துக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் தாடையெலும்பின் மரபு, கவசமணிந்த அந்த மீன்கள் வரை செல்கிறது.

உடுவிலைச் சூழ்ந்த சந்தைகளில் சுறாவும் திருக்கையும் ஒரு பக்கம், பாரையும் விளைமீனும் சூடையும் மறு பக்கம் கிடக்கும்போது, தாடையுடைய மீன்களின் இரு பெருங்கிளைகள் கண்முன்னே கிடக்கின்றன. சுறாவின் உடலில் எலும்பு இல்லை. அது கசியிழையத்தால், அதாவது குருத்தெலும்பால் ஆனது. அதன் பூப்பிளவுகள் தனித்தனியாகத் திறந்து தெரியும். பாரையின் பூக்களை ஒரே எலும்பு மூடி மறைக்கும். கசியிழையம் கருவில் எலும்புக்கு முந்தி வருவதால், சுறாவே தாடையுடையவற்றின் ஆதி நிலையைக் காட்டுகிறது என்று பழைய பாடநூல்கள் எழுதின. உயிர்ச்சுவடுகள் அதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. சுறாவின் அடித்தண்டில் நிற்பவை அகந்தோடியன் எனப்படும் முட்செட்டை மீன்கள். அவற்றுள் பலவற்றுக்குத் தோலில் எலும்பு இருந்தது. கனடாவில் கிடைத்து 2003 இல் விரிவாக விவரிக்கப்பட்ட டோலியோடஸ், சுறாப்பல்லையும் முட்செட்டையையும் ஒருங்கே கொண்டது. மங்கோலியாவின் மிஞ்சினியா என்ற பிளக்கோடேர்மின் மண்டையோட்டின் உட்புறத்தில், கசியிழையத்தின் இடத்தில் உருவாகும் உள்ளெலும்பு இருந்ததை 2020 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். இவற்றை ஒருங்கே நோக்கினால் சுறாவின் முன்னோருக்கு எலும்பு இருந்தது என்பதும், அதன் கூட்டம் எலும்பை இழந்தது என்பதும் தெளிவாகின்றன. சுறாவின் தோலைச் சொரசொரப்பாக்கும் பல் போன்ற நுண்செதில்கள் அந்தப் பழைய கவசத்தின் எச்சம்.

2022 இல் சீனாவின் சொங்சிங், குயிசோ பகுதிகளிலிருந்து 43.6 முதல் 43.9 கோடி ஆண்டு வரை பழைய தாடையுடைய மீன்கள் சில ஒரே வேளையில் விவரிக்கப்பட்டன. அவற்றுள் சியூஷானோஸ்தியஸ் ஒரு பிளக்கோடேர்ம். ஷெனகாந்தஸ் சுறாவின் கிளையைச் சேர்ந்தது. ஆனாலும் அதன் மார்பில் பிளக்கோடேர்முக்குரிய தகடுகள் இருந்தன. டெவோனியனில் தோன்றியதாக எண்ணப்பட்ட கிளைப்பிரிவுகள் சிலூரியனின் தொடக்கத்துக்கே பின்தள்ளப்பட்டன.

செட்டையிலிருந்து காலுக்கு

எலும்பு மீன்களும் இரண்டாகப் பிரிந்தன. பாரை, சூடை போன்ற கதிர்ச்செட்டை மீன்கள் ஒரு கிளை. தசைநிறைந்த அடிப்பகுதி கொண்ட சோணைச்செட்டை மீன்கள் மற்றது. யுனானிலிருந்து 2009 இல் விவரிக்கப்பட்ட, ஏறக்குறைய 42 கோடி ஆண்டு பழைய குய்யு, சோணைச்செட்டைக் கிளையின் மிகத் தொன்மையான உறுப்பினருள் ஒன்று. இக்கிளையில் இன்று மீன்களாக எஞ்சியிருப்பவை சீலகந்தும் நுரையீரல் மீன்களும் மட்டுமே. நிலத்தில் வாழும் நாற்கால் விலங்குகள் யாவும், மனிதர் உட்பட, இதே கிளையின் வழித்தோன்றல்கள்.

நுரையீரல் மீனின் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. இன்றைய தெலுங்கானாவின் மலேரிப் படிவுகளில் கிடைத்த திரியாசிக் காலப் பல்தகடுகளை, இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் தலைவராயிருந்த தோமஸ் ஓல்டாம் 1859 இல் செரற்றோடஸ் என்ற பேரினத்தில் சேர்த்து விவரித்தார். அப்பேரினம் பாறையிலிருந்து மட்டும் அறியப்பட்டிருந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1870 இல், சிட்னி அருங்காட்சியகத்தின் ஜெராட் கிரெவ்ற் குயின்ஸ்லாந்து ஆறுகளில் வாழும் ஒரு மீனை விவரித்தபோது, பற்களின் ஒப்புமையால் அதையும் செரற்றோடஸ் என்றே அழைத்தார். சீலகந்து 1938 இல் தென்னாபிரிக்கக் கரையில் உயிரோடு கிடைத்தது பெரும் புகழ் பெற்றது. எனினும் நிலவாழ் விலங்குகளுக்கு நெருங்கிய உறவு நுரையீரல் மீனே என்று 2013 இல் வெளியான சீலகந்தின் முழு மரபணு ஆய்வு உறுதிசெய்தது.

நிலத்துக்கு வந்த வழியை டெவோனியன் சுவடுகள் படிப்படியாகக் காட்டுகின்றன. கனடாவின் எல்ஸ்மியர் தீவிலிருந்து 2006 இல் விவரிக்கப்பட்ட, 37.5 கோடி ஆண்டு பழைய ரிக்தாலிக், செதிலும் செட்டையும் கொண்ட மீன். ஆயினும் அதற்குக் கழுத்தும், செட்டைக்குள்ளே மணிக்கட்டுக்கு ஒப்பான எலும்புகளும் இருந்தன. கிரீன்லாந்தின் அகந்தொஸ்தேகாவை 1987 முதல் விரிவாக ஆராய்ந்த ஜெனி கிளாக், அதன் கையில் எட்டு விரல்களும் உள்ளுறையும் பூக்களும் இருந்ததை நிறுவினார். நீரிலேயே வாழ்ந்த உயிருக்கு விரல்கள் இருந்தமையால், கால் நடப்பதற்காகத் தோன்றவில்லை. நீரில் தோன்றிய கால் பின்னர் நடக்கப் பயன்பட்டது.

காஷ்மீரின் விகிப் பகுதியிலுள்ள பேர்மியன் காலப் படிவில் கிடைத்த ஒரு தொன்மையான ஈரூடகவாழி, இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்துக்குரியது. அதை ஆக்டினோடன் ரிசினென்சிஸ் எனப் பெயரிட்டு 1928 இல் லண்டனின் டபிள்யூ. ஈ. சுவின்டனுடன் சேர்ந்து விவரித்தவர் தாராஷா நௌஷெர்வான் வாடியா. கொண்ட்வானாத் தாவரங்கள் நிறைந்த படிவில் ஐரோப்பிய இனங்களை ஒத்த ஈரூடகவாழி கிடைத்தது, அக்காலக் கண்டங்களின் தொடர்பை ஆராய்வோருக்குப் பயன்பட்ட சான்று. அதே வாடியா 1938 முதல் 1944 வரை இலங்கையில் அரச கனிப்பொருளியலாளராகப் பணியாற்றி, தீவின் மூன்று அடுக்குச் சமவெளிகளைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை எழுதினார்.

காதில் எஞ்சியிருக்கும் பூவில்

உடுவிலுக்கு அயலான மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழிலேயே உடற்கூறு கற்பித்து நூல்களும் ஆக்கினார். அந்நூல்கள் போன்றவை விவரிக்கும் நடுக்காதின் மூன்று சிற்றெலும்புகளின் பிறப்பை, அவர் இலங்கைக்கு வருவதற்குப் பத்தாண்டுகள் முன், 1837 இல், ஜேர்மன் உடற்கூற்றியலாளர் கார்ல் ரைக்கர்ட் கருக்களின் வளர்ச்சியிலிருந்து கண்டறிந்திருந்தார். சுத்தியெலும்பும் பட்டடையெலும்பும் தாடை வில்லிலிருந்தும், ஏந்தியுரு எலும்பு அதற்கு அடுத்த வில்லிலிருந்தும் உருவாகின்றன. மீனில் தாடையை மண்டையோட்டோடு பிணைக்கும் எலும்பு, ஆதி நாற்கால் விலங்குகளில் சுருங்கி, பின்னர் ஒலியைக் கடத்தும் ஏந்தியுரு எலும்பாயிற்று. கருவியல் முன்வைத்த அம்முடிவைப் பாறைகள் படிப்படியாக உறுதிசெய்துள்ளன. மெற்றாஸ்பிரிக்கினாவின் தொண்டையில் தொடங்கிய பூவில்களின் வரலாறு, மனிதரின் காதில் முடிகிறது.

இந்த வரலாறு தரும் முடிவு தெளிவானது. முதலில் முதுகுநாண், அடுத்துத் தலையும் பூவில்களும், பின் தோலில் எலும்பு, அதன்பின் இணைச்செட்டை, அதற்கும் பின் தாடை, பின்னரே விரல்கள் என்ற வரிசையை வாழும் விலங்குகளை மட்டும் கொண்டு ஒருவராலும் எழுதியிருக்க முடியாது. சுறா இழந்த எலும்பை அதன் முன்னோருக்கு ஒருபோதும் இல்லாதது என்றே எல்லோரும் கருதியிருப்பர். அடித்தண்டின் சுவடுகளே அப்பிழையைத் திருத்தின. கொனொடொன்டு விலங்கின் உடல் களஞ்சியத்தில் காக்கப்பட்ட ஒரு கல்லிலிருந்து வெளிப்பட்டது என்பதையும், ஒரு சுவடின் மதிப்பு அது கிடந்த படையோடு பிணைந்தது என்பதையும் குடாநாட்டு வாசகர் மனத்தில் கொள்வது நன்று. கிணறு வெட்டும்போதோ கல் அகழும்போதோ சுண்ணாம்புக்கல்லில் பல், எலும்பு, முழுச் சிப்பி ஏதேனும் தென்பட்டால், அதை உடைக்காமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி இணைத்து, அண்மைப் பள்ளியின் ஆய்வுகூடத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒப்படைக்க வேண்டும். மயோசின் கடலின் வரலாறு உடுவிலின் காலடியில் இருக்கிறது. அதைச் சேர்த்து வைக்கும் பொறுப்பு அவ்வூராருடையது.